பெண்கள் ரக்பி தொடங்கிவிட்டோம், ஊதுவதற்கு ஆள் எங்கே?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மாவட்டத்தில் நான்கு அரசுப் பள்ளிகளும் ஒரு கல்லூரியுமாகச் சேர்ந்து அறுபது பெண்கள் ஒன்றரை ஆண்டாக ரக்பி பழகுகிறார்கள். பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறது, பந்து இருக்கிறது. போட்டி என்று வைத்தால் ஊதுவதற்குத்தான் ஆள் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு நடுவரை வரவழைத்தால் பயணப்படியிலேயே பணம் கரைந்துவிடுகிறது. கையில் இருக்கும் சிறு தொகையை அணிக்குச் செலவிடுவதா, நடுவரை உருவாக்கச் செலவிடுவதா என்று கேட்கிறீர்கள். ஆண் நடுவர்களை வைத்துக்கொண்டு தொடங்கலாமா என்பது கூடவே கேட்ட இன்னொரு கேள்வி.

நடுவருக்குச் செலவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பன்னிரண்டு ஆண்டு ஆடிவிட்டு, அதன்பின் ஏறக்குறைய அதே காலம் விசில் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து இரண்டாம் ஆண்டிலேயே கலைந்துபோன பெண்கள் அணிகளில் பெரும்பாலானவை பந்து இல்லாமல் கலையவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டி. வர வேண்டிய நடுவர் வரவில்லை. அங்கே இருந்த ஒரு வாலிபால் பயிற்றுநரின் கையில் விசிலைக் கொடுத்து, காலையில் அரை மணி நேரம் விதிகளைச் சொல்லி இறக்கிவிட்டார்கள். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கழுத்து உயரத்தில் விழுந்த முதல் டேக்கிளை (பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து வீழ்த்துவதை) அவர் ஊதவில்லை. இரண்டாவதையும் ஊதவில்லை. ஊதவில்லை என்றால் அனுமதி உண்டு என்றுதானே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்? நான்காவது டேக்கிளில் ஒரு பெண்ணுக்குக் காறை எலும்பு முறிந்தது. அடுத்த மாதம் அந்த அணியில் ஐந்து பேர்தான் மிச்சம். தோற்ற அணி அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்துவிடும். பயந்துபோன அப்பாக்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்தியப் பெண்கள் பதினைவர் அணி (அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி) தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 2018 ஜூனில் சிங்கப்பூரில் ஆடியது. அங்கே தோற்றார்கள். ஓராண்டு கழித்து 2019 ஜூனில் மணிலாவில் அதே சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். அதுதான் பதினைவர் ஆட்டத்தில் அவர்களின் முதல் வெற்றி. கடைசி நிமிடங்களில் ஒரு புள்ளி பின்தங்கி நின்றபோது ஒடிசாவின் சுமித்ரா நாயக் அடித்த பெனால்டியில் கிடைத்த மூன்று புள்ளிகள்தான் ஆட்டத்தைத் திருப்பின. எல்லோரும் அந்த உதையைக் கொண்டாடினார்கள், சரிதான். நடுவர் புத்தி என்னவென்றால், அந்தக் கடைசி நெருக்கடியிலும் ஒருவர் தவறைப் பார்த்து, துணிந்து ஊதிக் கையை உயர்த்தினாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் பெண்கள் அந்த மட்டத்துக்குப் போய், எதை ஊதுவார்கள், எதை விடுவார்கள் என்று தெரிந்து ஆட வேண்டுமானால், சொந்த ஊரிலேயே அப்படி ஊதுகிறவர்களுக்குக் கீழே வளர்ந்திருக்க வேண்டும்.

ஒடிசாவைப் பார்த்துத்தான் தொடங்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் எதைப் பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒடிசா வீராங்கனைகள் பலர் வளர்ந்த புவனேஸ்வரின் கிஸ் (கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம்) ஒரு உறைவிடப் பள்ளி. ஆயிரக்கணக்கான பழங்குடிப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். மாலை ஆனால் மைதானம் நான்கு எட்டில். வடக்கு வங்காளத்தில் ஜல்பாய்குரி மாவட்டத்துச் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்திலிருந்து சந்தியா ராய் போன்ற வீராங்கனைகள் வந்தார்கள். அதுவும் ஒரே தோட்டக் குடியிருப்பு. பயிற்சிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. பீகாரில் நாளந்தா பக்கத்திலிருந்து ஸ்வேதா ஷாஹி வந்தார். 2025 ஆகஸ்டில் அதே மாவட்டத்து ராஜ்கீரில் ஆசிய இருபது வயதுக்குட்பட்டோர் செவன்ஸ் (எழுவர் ரக்பி) போட்டியே நடந்தது. இந்த இடங்களில் பெரும்பாலும் பிள்ளைகள் ஓரிடத்தில் குவிந்திருக்கிறார்கள், அல்லது மாநில அரசு பின்னால் நிற்கிறது. உங்கள் அறுபது பேரோ நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள், மாலை ஆறரைக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். ஒடிசாவின் பயிற்சித் திட்டத்தை அப்படியே எடுத்து வைத்தால் ஒட்டாது. உங்களிடம் இருக்கும், ஆனால் அவர்களிடம் அவ்வளவாக இல்லாத ஒன்று உண்டு. அதைக் கடைசியில் வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கபடி. உங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆளைப் பிடித்து நிறுத்துவது புதிதல்ல. அதைவிட முக்கியம், ஒவ்வொரு குறுவட்டப் போட்டியிலும் விசில் பிடித்துக் கபடியும் கோகோவும் எறிபந்தும் நடத்தும் உடற்கல்வி ஆசிரியைகள் உங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். கூச்சலுக்கு நடுவே முடிவு சொல்லி, அதில் நிற்கப் பழகியவர்கள். ரக்பி தெரியாது என்பது ஒரு குறையே அல்ல, அதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். நூறு பேர் கத்தும்போது முகம் மாறாமல் நிற்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகும். முதலில் அவர்களில் மூன்று பேரைப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கபடி நடுவருக்குத் தவறைக் கண்டவுடன் ஊதும் கை பழகியிருக்கும். ரக்பியில் சாதகம் என்று ஒரு விதி உண்டு, ஏழாவது விதி. தவறு நடந்தாலும் பந்து தவறு செய்யாத அணியிடம் போய் அவர்கள் ஓடத் தொடங்கினால் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு, கையை நீட்டிக் காட்டியபடி காத்திருக்க வேண்டும். சாதகம் கிடைக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். கபடியிலிருந்து வந்தவர்களுக்கு இது ஏறக்குறைய உடம்பு வலிக்கிற வேலை. முதல் ஆறு மாதம் ஒரு ஆட்டத்தில் நாற்பது முறை ஊதுவார்கள், பிள்ளைகள் சலித்துப்போவார்கள். பரவாயில்லை, பாதுகாப்புக்கு ஊதுவதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். முன்பாஸ் (பந்தை முன்னோக்கி எறிவது), நாக்-ஆன் (பந்து கைதவறி முன்னால் விழுவது) மாதிரியானவற்றில் மட்டும் பொறுமையைப் பழக்குங்கள்.

இரண்டாவது ஊற்று உங்கள் வீராங்கனைகளேதான். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஆட்டத்தில் சோபிக்காத பெண்ணைக் கூப்பிட்டு, நீ நடுவராகிவிடு என்பார்கள். அது தண்டனை மாதிரி விழுகிறது. அவளும் இரண்டு போட்டியோடு நின்றுவிடுவாள். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவளைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவள்தான் அணித்தலைவியாக இருப்பாள், அல்லது முழங்கால் போய் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் இடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அயர்லாந்தின் ஜாய் நெவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அயர்லாந்துப் பெண்கள் அணி சிக்ஸ் நேஷன்ஸ் தொடரின் எல்லா ஆட்டத்தையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தபோது அந்த அணியில் ஆடியவர். ஆட்டத்தை விட்டபின் விசிலுக்கு வந்தார். 2017-இல் பெல்ஃபாஸ்டில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியை நடத்தியது அவர்தான். அதே ஆண்டு உலகின் சிறந்த நடுவர் விருதும் அவருக்கே. 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் காணொளி நடுவராக இருந்தார். ஆடியதை நிறுத்தி உலகக் கோப்பை இறுதி வரை நான்கே ஆண்டு. ஸ்காட்லாந்தின் ஹோலி டேவிட்சனும் ஆடியவர்தான், காயத்தால் விசில் பக்கம் திரும்பியவர். 2022 நவம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நியூசிலாந்து 34-31 என்று இங்கிலாந்தை வென்ற பெண்கள் உலகக் கோப்பை இறுதியையும், 2025-இல் ட்விக்கன்ஹாமில் நடந்த இறுதியையும் நடத்தியவர். இவர்களுக்குப் பின்னால் பணமும் அமைப்பும் இருந்தன, அதை மறைக்கவில்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரி நடுவரானால் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்தவள் என்பது உங்கள் மாவட்டத்துக்கும் பொருந்தும்.

இனி நடைமுறை. செவன்ஸில் தொடங்குங்கள், பதினைவர் ஆட்டம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம், ஸ்க்ரமில் (இரு அணியினரும் குனிந்து பிணைந்து தள்ளும் கட்டத்தில்) பக்கத்துக்கு மூன்றே பேர். முன்வரிசையில் கழுத்தும் முதுகும் பழகாத பிள்ளைகளை வைத்துப் பதினைவர் ஸ்க்ரம் நடத்துவது புதிய நடுவருக்கு வைக்கக் கூடாத பரீட்சை. என்றாவது பதினைவர் வைத்தாலும் தள்ளாத ஸ்க்ரம் என்று முன்கூட்டியே இரு அணிகளுக்கும் சொல்லிவிடுங்கள். விதியில் அதற்கு இடம் உண்டு.

எட்டு அணிகளை இரண்டு பிரிவாக்கி ஒருநாள் போட்டி வைத்தால் பிரிவு ஆட்டங்கள் பன்னிரண்டு, அரையிறுதி இரண்டு, மூன்றாமிடம், இறுதி என்று பதினாறு ஆட்டம். இடைவேளையும் அணி மாறும் நேரமும் சேர்த்து ஆட்டத்துக்கு இருபது நிமிடம் வைத்தால் ஒரே மைதானத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். செவன்ஸில் நடுவரின் ஓட்டம் ஆடுகிறவர்களின் ஓட்டத்துக்குக் குறைந்ததல்ல. பங்குனி வெயிலில் ஒருவரே நான்கு ஆட்டத்துக்கு மேல் ஊதினால் ஐந்தாவதில் கண் இருக்கும், கால் இருக்காது. ஆக நான்கு நடுவர் வேண்டும். கூடவே இருபுறமும் கொடி பிடிக்க இருவர், டிரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) கோட்டுக்குப் பின்னால் பார்க்க இருவர், நேரம் பார்க்க ஒருவர், மஞ்சள் அட்டை வாங்கியவரை இரண்டு நிமிடம் உட்கார வைத்து எண்ண ஒருவர்.

இந்தக் கூட்டத்தை வெளியிலிருந்து வாங்கவே முடியாது. காத்திருக்கும் அணியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆடி முடித்த அணி அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு கொடிக்காரிகளையும் ஒரு நேரக்காரியையும் தர வேண்டும், தராத அணிக்குப் புள்ளி குறையும் என்று போட்டி விதியிலேயே எழுதிவிடுங்கள். முதல் முறை முணுமுணுப்பார்கள். மூன்றாவது போட்டிக்குள் கொடியை ஆர்வத்தோடு கேட்டு வாங்குகிறவள் யார் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் நடுவர்களைத் தேடிய நாட்களில் இதைவிட நல்ல சல்லடை கிடைக்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கப் பழகிய பெண், அடுத்த பருவத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளின் தொடு-ரக்பிக்கு ஊதலாம். அதற்கடுத்த பருவத்தில் டேக்கிள் உள்ள ஆட்டத்துக்கு.

விதிகளைப் படிப்பது நீங்கள் அஞ்சுகிற அளவு கடினமில்லை. மொத்தம் இருபத்தோரு விதிகள், அவற்றின் மேல் செவன்ஸுக்கான மாற்றங்களும் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான மாற்றங்களும். உலக ரக்பி அமைப்பின் இணையப் பாடங்களும் விதித் தேர்வும் இலவசம். முதல்நிலை நடுவர் பயிற்சிக்கு மட்டும் தகுதி பெற்ற பயிற்றுநர் நேரில் வர வேண்டும். மாநிலச் சங்கம் வழியாகக் கேளுங்கள், இருபது பேரையாவது சேர்த்து வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டு பேருக்காக யாரும் ரயில் ஏற மாட்டார்கள். அதற்கு முன்னால் மூன்று விதிகளை மட்டும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஆபத்தான ஆட்டம் பற்றிய ஒன்பதாவது, டேக்கிள் பற்றிய பதினான்காவது, ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் நின்றபடி மோதித் தள்ளுவது) பற்றிய பதினைந்தாவது. மாவட்ட அளவில் நடக்கும் சச்சரவுகளில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

டேக்கிளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிடித்தவள் விட வேண்டும், உருண்டு விலக வேண்டும். விழுந்தவள் பந்தை விட வேண்டும். வருகிறவள் தன் பக்கமிருந்து, காலில் நின்றபடி வர வேண்டும். இவ்வளவுதான். ஆனால் எல்லாம் இரண்டு வினாடிக்குள் நடக்கும். இதை விசிலால் கட்டுப்படுத்த முடியாது, வாயால்தான் முடியும். "விடு", "உருளு", "கையை எடு" என்று தவறு நடக்கும் முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பெனால்டி தேவைப்படாது. பள்ளி அளவில் தமிழிலேயே சொல்லலாம். வெளிமாநில அணிகளோடு ஆடும் நாள் வரும் என்பதால் ஆங்கிலச் சொற்களையும் பழக்கிவிடுங்கள்.

பெண் நடுவர்களோடு வேலை செய்ததில் நான் கண்ட பெரிய தடையே இந்தக் குரல்தான், ஓட்டமோ விதியறிவோ அல்ல. வீட்டில் பதினைந்து ஆண்டாக மெதுவாகப் பேசு என்று சொல்லி வளர்த்த பிள்ளையை, இருபது பேர் நடுவே போய்க் கத்து என்கிறோம். அவள் சொல்வாள், ஆனால் தனக்கே கேட்காத மாதிரி சொல்வாள். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒருத்தியை நடுக்கோட்டிலும் இன்னொருத்தியை இருபத்திரண்டு மீட்டர் கோட்டிலும் நிறுத்துங்கள். இடையே இருபத்தெட்டு மீட்டர் இருக்கும். அங்கிருப்பவளுக்குத் தெளிவாகக் கேட்கும் வரை ஒருத்தி ஆணையைச் சொல்ல வேண்டும். கத்தக் கூடாது, வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். முதல் நாள் சிரிப்பிலேயே கழியும். விசிலுக்கும் அப்படித்தான்: ஸ்க்ரமுக்குச் சுருக்கமாக, பெனால்டிக்கு அழுத்தமாக, டிரைக்கு நீளமாக. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் சத்தத்தை வைத்தே என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். சைகையிலும் அரைகுறை கூடாது. பெனால்டிக்குக் கை நேராகச் சாய்ந்து உயரும், ஃப்ரீ கிக்குக்கு முழங்கை மடியும். புதியவர்கள் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றைக் காட்டுவார்கள்.

ஒரு வேடிக்கை. பெண்கள் ஆட்டத்தைப் பெண் நடுவர் நடத்தும்போதும் அணித்தலைவிகள் "சார், சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். விசில் என்றால் சார் என்று வாய் பழகிவிட்டது. என்னிடம் பழகிய ஒரு பெண் அதைத் திருத்தவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "மூணு பெனால்டி கொடுத்த பிறகு தானா அக்கானு மாறிடும் சார்" என்றாள்.

ஆட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனையைப் பெண்கள் ஆட்டத்தில் பெண்ணே செய்வது எவ்வளவு வசதி என்று நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். நகம், பூட்ஸ் ஆணி, கம்மல், மூக்குத்தி, கொலுசு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நகை எதுவும் கூடாது. மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்று அழுத பிள்ளையும் உண்டு. முந்தின வாரமே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள், மைதானத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். மெல்லிய மார்புக் காப்பும், காலை முழுதும் மூடும் இறுக்க உடையும், ஆபத்தில்லாத தலைத்துணியும் விதிப்படி அனுமதிக்கப்பட்டவை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் சில வீட்டுக் கதவுகள் திறக்கும். தலையில் அடிபட்டதோ என்று சந்தேகம் வந்தாலே அந்தப் பெண் வெளியே போக வேண்டும், அன்று திரும்பக் கூடாது. இதில் நடுவருக்குப் பயிற்றுநர் உட்பட யாரும் சமாதானம் சொல்லக் கூடாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதிய நடுவருக்கு மதிப்பெண் போடாதீர்கள். பல இடங்களில் முதல் ஆட்டத்திலேயே ஒருவர் தாளோடு ஓரத்தில் உட்கார்ந்து பத்துக்கு நான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். முதல் பத்து ஆட்டங்களுக்கு அவளுக்கு வேண்டியது பக்கத்தில் நடந்துவரும் ஒரு ஆள். ஆட்டம் முடிந்தவுடன் தண்ணீர் கொடுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், பிறகு நீயே சொல், எங்கே சிக்கினாய் என்று கேளுங்கள். அவள் சொல்வதிலிருந்து ஒன்றை எடுத்து, அடுத்த ஆட்டத்தில் இதை மட்டும் பார் என்று அனுப்புங்கள். நடுக்கோட்டு ஓரத்தில் ஒரு கைபேசியை நிறுத்திப் படமெடுத்தால் போதும், தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கோட்டுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டும் பயிற்றுநருக்கும் பெற்றோருக்கும் ஒரே எச்சரிக்கை, அடுத்தது மைதானத்துக்கு வெளியே. இதை நீங்கள்தான் செய்ய வேண்டும், பதினேழு வயது நடுவர்மேல் சுமத்தக் கூடாது.

உடல்தகுதிக்கு பிராங்கோ என்ற ஓட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்: இருபது, நாற்பது, அறுபது மீட்டர் போய்த் திரும்பி, இதை ஐந்து முறை. மொத்தம் 1,200 மீட்டர். மாதம் ஒருமுறை நேரத்தைக் குறித்து வைத்தால் போதும்.

பணத்தைப் பிரிக்கும்போது முதலில் நடுவர்களின் பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டையும் ஒதுக்குங்கள், அதன்பின் சிறு தொகையாவது ஆட்டப்படி. படி கிடைத்தால் வீட்டில் அது வேலையாகத் தெரிகிறது. விளையாட்டுக்குப் போகாதே என்பவர்கள் வேலைக்குப் போகாதே என்று அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. வெளியூர்ப் போட்டிக்குத் தனியாக ஒரு பெண் நடுவரை அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள். நான்கு பள்ளிகளில் ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் ஒரு வட்டமாக்கி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆட்டம் என்று நிரந்தரமாக்குங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய போட்டியைவிட, பத்துச் சிறு சனிக்கிழமைகளில்தான் நடுவர் உருவாகிறார்.

ஆண் நடுவர்களை வைத்துத் தொடங்கலாமா என்றால், தாராளமாக. அவர்கள் இல்லாமல் முதல் ஆண்டு ஓடாது. இரண்டு நிபந்தனைகள் மட்டும். ஒவ்வொரு ஆண் நடுவருக்கும் கீழே கொடி பிடிக்க ஒரு பெண் இருக்க வேண்டும், இரண்டாம் பாதியை ஊத அவளுக்கு எப்போது கொடுப்பார் என்று முன்பே பேசி வைக்க வேண்டும். அடுத்து, உங்கள் பெண் நடுவர்களைப் பெண்கள் ஆட்டத்துக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். பையன்கள் ஆட்டத்துக்கும் அனுப்புங்கள். டேவிட்சன் 2022-இல் போர்ச்சுகல்-இத்தாலி ஆண்கள் ஆட்டத்தையும், 2024-இல் தென்னாப்பிரிக்கா ஆண்கள் அணி ஆடிய ஆட்டத்தையும் நடத்தியவர். வேகமான ஆட்டம் கண்ணைக் கூர்மையாக்கும். பையன்களுக்கும் ஒரு பெண் சொன்னால் பத்து மீட்டர் பின்னால் போகும் பழக்கம் வரும்.

மைதானத்தில் உடைமாற்ற ஒரே அறைதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை வீராங்கனைகளுக்குக் கொடுத்துவிட்டு நடுவரை மரத்தடிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரு தார்ப்பாயும் நான்கு கம்பும் வாங்கிவிடுங்கள்.